பேக்கப் குவார்ட்டர்பேக்குக்கு என்ன விலை?

இரண்டு ஆட்டங்களில் இருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டுமே அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-இல் க்ரீன் பே பேக்கர்ஸ் அணி ஆடியவை. இரண்டிலும் அந்த அணியின் முதல் குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் களமிறங்கவில்லை, பேக்கப் ஆடினார்.

முதல் ஆட்டம், 2012 ஜனவரி 1, டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக. மேட் ஃப்ளின் என்ற பேக்கப் 480 யார்டு எறிந்தார், 6 டச்டவுன் பாஸ் போட்டார். பேக்கர்ஸ் 45-41 என்று ஜெயித்தார்கள். பார்ட் ஸ்டார், பிரெட் ஃபார்வ், ராஜர்ஸ் என்று ஜாம்பவான்களாக ஆடிய அணி அது. அதில் அதுவரை யாரும் ஒரே ஆட்டத்தில் அத்தனை யார்டு எறிந்ததில்லை.

இரண்டாவது ஆட்டம், 2021 நவம்பர் 7, கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக. ஜோர்டன் லவ்வுக்கு அது முதல் ஸ்டார்ட். 190 யார்டு, ஒரு டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன். 13-7 என்று தோல்வி.

அந்தந்த ராத்திரி உங்களிடம் ஒருத்தர் வந்து, "இந்த ஆளை அடுத்த அஞ்சு வருஷத்துக்கு உங்க டீம்ல வெச்சுக்கறீங்களா?" என்று கேட்டிருந்தால்? ஆட்டத்தை மட்டும் பார்த்தவர் ஃப்ளினுக்கு சரி என்றும், லவ்வுக்கு யோசிக்கணும் என்றும் சொல்லியிருப்பார். நடந்தது நேர் எதிர். ஃப்ளின் அதற்குப் பிறகு ஒரு முழு சீசன்கூட முதல் குவார்ட்டர்பேக்காக ஆடவில்லை. லவ் 2023-இல் 4159 யார்டும் 32 டச்டவுனும் எறிந்தார். 2024 ஜூலையில் நான்கு வருஷத்துக்கு 22 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்.

இதை முன்கூட்டியே பார்த்திருக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும் என்பது என் கட்சி. ஆனால் அதற்குப் பார்க்க வேண்டிய இடம் அந்த ஆட்டம் இல்லை. ஃபேன்டஸி ஃபுட்பாலில் பேக்கப் குவார்ட்டர்பேக்கை எப்படி மதிப்பிடுவது என்று கொஞ்ச நாளாகக் குறித்து வைத்ததை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஃபேன்டஸி பழக்கமில்லாதவர்களுக்கு

நிஜ வீரர்களை வைத்து ஒரு கற்பனை அணி கட்டுவதுதான் ஃபேன்டஸி. உங்கள் வீரர் நிஜ ஆட்டத்தில் என்ன செய்கிறாரோ அதற்கு உங்களுக்குப் புள்ளி. பரவலாக இருக்கும் கணக்கு இது: எறிந்த 25 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுன் பாஸுக்கு 4, இன்டர்செப்ஷனுக்குக் கழித்தல் 2. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் 10 யார்டுக்கே 1 புள்ளி, ஓடி எடுத்த டச்டவுனுக்கு 6. இந்த ஓட்டக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சாதாரண லீக்கில் ஒவ்வொரு வருஷமும் எல்லாரும் புதிதாக அணி எடுப்பார்கள். டைனஸ்டி லீக் அப்படி இல்லை. எடுத்த வீரர் நீங்கள் விற்கும் வரைக்கும் அல்லது விடும் வரைக்கும் உங்களுடையவர். அதனால் கேள்வி "இந்த ஞாயிறு யார் ஆடுவார்?" என்பதிலிருந்து "2028-இல் யார் ஆடுவார்?" என்று மாறிவிடும். பேக்கப்புக்கு மதிப்பு வருவது இங்கேதான்.

குவார்ட்டர்பேக் என்ற இடமும் வித்தியாசமானது. ரிசீவர் என்றால் மூன்று நான்கு பேர் மாறி மாறி ஆடுவார்கள். குவார்ட்டர்பேக் ஒருத்தர்தான். டெஸ்ட் அணியின் இரண்டாவது விக்கெட் கீப்பர் மாதிரி, முதல் ஆள் நகர்ந்தால் ஒழிய இரண்டாம் ஆளுக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் வேலை இல்லை. அவருடைய புள்ளி பூஜ்யம். கொஞ்சம் கம்மி என்று இல்லை, சுத்தமான பூஜ்யம்.

32 நாற்காலி, 36 பேர்

முதலில் உங்கள் லீக்கின் விதியைப் பாருங்கள். என்.எஃப்.எல்.-இல் 32 அணி, ஆக 32 முதல் குவார்ட்டர்பேக்.

12 பேர் ஆடும் லீக்கில் ஆளுக்கு ஒரு குவார்ட்டர்பேக் போட்டால் வாரத்துக்கு 12 பேர் போதும். மிச்சம் 20 பேர், எல்லாரும் நிஜமாகவே ஆடுகிறவர்கள். இப்படிப்பட்ட லீக்கில் ஒரு பேக்கப்பைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் இடத்தை அடைத்து வைப்பதுதான்.

சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக் வேறு கதை. அதில் கூடுதலாக ஒரு இடம் உண்டு, அதிலும் குவார்ட்டர்பேக்கைப் போடலாம். குவார்ட்டர்பேக்குகள் மற்றவர்களைவிட அதிகப் புள்ளி எடுப்பதால் எல்லாரும் இரண்டு பேரைப் போடப் பார்ப்பார்கள். 12 பெருக்கல் 2, 24. காயம், ஓய்வு வாரம் எல்லாம் இருப்பதால் ஆளுக்கு மூன்று பேராவது வேண்டும். 36 ஆகிவிட்டது. நாற்காலியோ 32 தான். இந்தப் பற்றாக்குறைதான் பேக்கப்பின் விலையை உருவாக்குகிறது. இனி சொல்வதெல்லாம் சூப்பர்ஃப்ளெக்ஸ் டைனஸ்டியை மனதில் வைத்துத்தான்.

நான்கு எண்கள்

நான் பயன்படுத்தும் கணக்கு சிக்கலானது இல்லை. மூன்று எண்களைப் பெருக்கி ஒன்றைக் கழிக்க வேண்டும்.

ஒன்று, இவருக்கு வேலை கிடைக்கும் சாத்தியம். இரண்டு, கிடைத்தால் அந்த வேலை எத்தனை ஆட்டம் நிற்கும். மூன்று, ஆடும்போது உங்களிடம் ஏற்கெனவே அந்த இடத்தில் போட ஆள் இருக்கிறாரே, அவரைவிட எத்தனை புள்ளி கூடுதலாக எடுப்பார். கழிக்க வேண்டியது, அவர் உட்கார்ந்திருக்கும் பெஞ்ச் இடத்தின் விலை. அந்த இடத்தில் வேறு ஒரு இளம் வீரரை வைத்திருக்கலாம் இல்லையா, அவர் தரக்கூடியது.

புரிவதற்காக எண் போட்டுப் பார்க்கிறேன். இவை என் ஊகங்கள்தான், தரவு இல்லை.

முதல் சுற்றில் எடுக்கப்பட்டு, வயதான ஒருத்தருக்குப் பின்னால் காத்திருக்கும் வாரிசு: சாத்தியம் 50 சதவீதம், 34 ஆட்டம், ஆட்டத்துக்கு 5 புள்ளி கூடுதல். பெருக்கினால் 85.

கடைசிச் சுற்றில் எடுக்கப்பட்டு, உறுதியான முதல் ஆளுக்குப் பின்னால் இருந்து ஒரே ஒரு ஆட்டத்தில் கலக்கியவர்: 15 சதவீதம், 17 ஆட்டம், 4 புள்ளி. சுமார் 10.

காயம் வந்தால் சமாளிக்க வைத்திருக்கும் அனுபவசாலி: 60 சதவீதம், ஆனால் 3 ஆட்டம்தான், 3 புள்ளி. ஐந்து சொச்சம்.

பெஞ்ச் இடத்தின் விலை 10 என்று வைத்தால், இரண்டாவது ஆள் வரவுக்கும் செலவுக்கும் சரி. மூன்றாவது ஆள் நஷ்டம். என் எண்களை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பெரிய வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். மூன்றாவது எண்ணில், அதாவது திறமையில், 5-க்கும் 3-க்கும்தான் தூரம். முதல் இரண்டு எண்களின் பெருக்கல் 17-இலிருந்து 2-க்குக் கீழே வரைக்கும் விழுகிறது. நாம் டிவியில் பார்த்து வாய் பிளப்பது மூன்றாவது எண்ணை. விலையைத் தீர்மானிப்பது முதல் இரண்டும்.

கதவு எப்படித் திறக்கும்?

முதல் எண்ணுக்கு நான் கேட்பது இரண்டு கேள்வி. முன்னால் யார் நிற்கிறார்? அணி இவருக்காக என்ன விலை கொடுத்தது?

லவ்வை எடுத்துக்கொள்வோம். 2020 டிராஃப்டில் பேக்கர்ஸ் கையில் இருந்தது 30-வது இடம். லவ் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று நான்காவது சுற்று உரிமை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து 26-வது இடத்துக்கு ஏறி அவரை எடுத்தார்கள். அப்போது ராஜர்ஸுக்கு வயது 36. அந்த அணி இதே வேலையை முன்னாலும் செய்திருக்கிறது: 2005-இல் ஃபார்வ் இருக்கும்போதே ராஜர்ஸை 24-வது இடத்தில் எடுத்து, மூன்று வருஷம் உட்கார வைத்து, 2008-இல் ஆட விட்டது. லவ்வும் மூன்று வருஷம் உட்கார்ந்தார். 2023 ஏப்ரலில் ராஜர்ஸ் ஜெட்ஸுக்குப் போனார், கதவு திறந்தது.

முதல் சுற்றுக்கு இன்னொரு சாதகம் உண்டு. அந்த வீரர்களின் ஒப்பந்தம் நான்கு வருஷம், ஐந்தாவது வருஷத்தை நீட்டிக்கும் உரிமை அணியிடம். மூன்றாவது சீசன் முடிந்து மே மாதத்துக்குள் அணி முடிவு சொல்ல வேண்டும். அதாவது, "இவர்மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறதா?" என்று அணியை வாய் திறந்து பதில் சொல்லவைக்கும் ஒரு தேதி காலண்டரிலேயே இருக்கிறது. லவ் விஷயத்தில் 2023 மேயில் அந்த உரிமைக்குப் பதிலாக ஒரு வருஷ நீட்டிப்பு ஒப்பந்தம் போட்டார்கள்.

இப்போது ஃப்ளின். 2008 டிராஃப்டில் ஏழாவது சுற்று, 209-வது இடம். அவர் 480 யார்டு எறிந்த நாளில் முன்னால் நின்ற ராஜர்ஸுக்கு 28 வயது, அந்த சீசனின் எம்.வி.பி. அந்தக் கதவு திறக்கவே போவதில்லை. அதனால் 2012 மார்ச்சில் சியாட்டில் சீஹாக்ஸுக்குப் போனார், மூன்று வருஷ ஒப்பந்தம். உறுதியான பணம் 1 கோடி டாலர். நமக்குப் பெரிய பணம்தான். முதல் குவார்ட்டர்பேக்குக்கு ஒரு அணி கொடுக்கும் பணத்தோடு வைத்துப் பார்த்தால், "முயற்சி பண்ணிப் பார்க்கலாம்" என்ற அளவுதான். அடுத்த மாதமே சீஹாக்ஸ் மூன்றாவது சுற்றில் ரஸல் வில்சனை எடுத்தார்கள். ஆகஸ்டில் வில்சன் வேலையைப் பிடித்துவிட்டார்.

முன்னால் நிற்பவரின் ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். என்.எஃப்.எல்.-இல் சம்பளத்துக்கு அணிவாரியாக உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தத்தின்போது கொடுக்கும் போனஸை வருஷங்களுக்குப் பிரித்துக் கணக்கு எழுதுவார்கள். நடுவில் ஆளை அனுப்பினால் மிச்சமெல்லாம் உச்சவரம்புக் கணக்கில் வந்து விழும். அதனால் புது ஒப்பந்தத்தின் முதல் இரண்டு வருஷம் கதவு கிட்டத்தட்ட பூட்டுதான்.

கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2019-இல் கார்சன் வென்ட்ஸுக்கு நான்கு வருஷ நீட்டிப்பு, 12.8 கோடி டாலர் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே இரண்டாவது சுற்றில், 53-வது இடத்தில், ஜேலன் ஹர்ட்ஸை எடுத்தார்கள். 2020 டிசம்பரில் ஹர்ட்ஸ் ஸ்டார்ட் ஆனார். 2021-இல் வென்ட்ஸை அனுப்பியபோது உச்சவரம்பில் 3.3 கோடி டாலருக்கு மேல் வீணானது. அதையும் தாங்கிக்கொண்டார்கள். பணம் கதவுக்குப் பூட்டு போடும். உடைக்கவே முடியாத பூட்டு இல்லை. முன்னால் பெரிய ஒப்பந்தம் இருக்கும்போதே ஒரு அணி மேல் சுற்றில் இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தால், அது சுத்தியலை வாங்கி வைப்பது மாதிரி.

வேலை எவ்வளவு நாள் நிற்கும்?

சேஸ் டேனியல் என்று ஒருத்தர். டிராஃப்டில் எடுக்கப்படாமல் 2009-இல் வந்தவர், பத்து வருஷத்துக்கு மேல் ஆடினார். மொத்தம் ஸ்டார்ட் செய்தது 5 ஆட்டம். சம்பாதித்தது 4 கோடி டாலருக்கு மேல். நிஜ அணிகளுக்கு அவர் அவ்வளவு மதிப்புள்ளவர்: பிளேபுக் தெரியும், கூட்டங்களில் உதவுவார், அவசரத்துக்கு ஆடுவார். ஃபேன்டஸியில் அவருக்கு மதிப்பே இல்லை. நிஜ அணி பேக்கப்புக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பார்த்து "நல்ல பேக்கப்" என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். அந்தச் சம்பளம் நிலைமை மோசமாகாமல் இருப்பதற்கு. நமக்கு வேண்டியது நிலைமை மாறும்போது நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளக்கூடியவர்.

மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதல் சர்வர் விழுந்தால் நான்கு மணி நேரம் தாங்க வைத்திருக்கும் ஸ்டான்ட்பை வேறு, அடுத்த மாதம் முழுசாக மாறப்போகிற புது சர்வர் வேறு. ரெண்டும் இன்றைக்கு ஒரே மாதிரி சும்மா ஓடிக்கொண்டுதான் இருக்கும். எதற்காக வாங்கியது என்று பர்ச்சேஸ் ஆர்டரைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரே ஆட்டம் எவ்வளவு சொல்லும்?

ஒன்றுமே சொல்லாது என்று நான் சொல்லவில்லை, கம்மியாகச் சொல்லும். ஒரு ஆட்டத்தில் 30, 40 எறிதல். எதிரணியின் தற்காப்பு, ரிசீவர்களின் தரம், அன்றைய அதிர்ஷ்டம் எல்லாம் கலந்த எண் அது. பேக்கப்பைப் பற்றி எதிரணி கையில் வீடியோவும் அதிகம் இருக்காது. மூன்று நான்கு வாரம் ஆனால் அது மாறிவிடும். 2021 அக்டோபர் 31 அன்று நியூயார்க் ஜெட்ஸின் மைக் ஒயிட், தன் முதல் ஸ்டார்ட்டில், சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிராக 405 யார்டு எறிந்து 34-31 என்று ஜெயித்துக் கொடுத்தார். ஜெட்ஸின் நாற்காலி அவருக்கு நிரந்தரமாகக் கிடைக்கவில்லை.

ஆட்டங்களின் எண்ணிக்கை ஏற ஏற சாட்சியம் கனமாகும். 2008 சீசனின் முதல் ஆட்டத்திலேயே டாம் பிரேடிக்கு முழங்கால் போய்விட்டது. மேட் காசல், ஏழாவது சுற்று ஆள், 15 ஆட்டம் ஸ்டார்ட் செய்து 10 ஜெயித்தார். அவரை அடுத்த வருஷம் கான்சஸ் சிட்டி வாங்கியது, பல வருஷம் ஆட விட்டது, 2010-இல் 27 டச்டவுன் எறிந்தார். 15 ஆட்டத்தின் சாட்சியத்துக்கு ஒரு அணி நாற்காலி கொடுத்தது. ஒரு ஆட்டத்தின் சாட்சியத்துக்கு ஃப்ளினுக்குக் கிடைத்தது போட்டியிடும் வாய்ப்பு மட்டும்தான்.

கால்களுக்குத் தனிக் கணக்கு

மூன்றாவது எண்ணில், அதாவது ஆட்டத்துக்கான புள்ளியில், ஒரு விஷயம் மட்டும் சின்ன சாட்சியத்திலேயே நம்பலாம். ஓட்டம். ஒருவர் ஓடுவாரா மாட்டாரா என்பது கல்லூரியிலேயே தெரிந்துவிடும்.

டைரட் டெய்லர் நான்கு வருஷம் பால்டிமோரில் ஜோ ஃப்ளாக்கோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், ஆறாவது சுற்று. 2015-இல் பஃபலோ பில்ஸுக்குப் போய் வேலையைப் பிடித்தார். 14 ஆட்டத்தில் 568 யார்டு ஓடினார், 4 டச்டவுன். ஓட்டத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் 56.8 கூட்டல் 24, கிட்டத்தட்ட 81 புள்ளி. எறிந்து இதை எடுக்கணும்னா 20 டச்டவுன் பாஸ் வேண்டும். அந்த வருஷம் அவர் எறிந்ததே 20 டச்டவுன்தான். கால்கள் இன்னொரு மடங்கு கொடுத்திருக்கின்றன.

உச்சத்தில் லமார் ஜாக்சன் இருக்கிறார். 2018 முதல் சுற்றின் கடைசி ஆள், 32-வது இடம். ஃப்ளாக்கோவுக்குக் காயம் வந்ததும் உள்ளே வந்தார். 2019-இல் 1206 யார்டு ஓடினார். அதே சீசனில் சான் பிரான்சிஸ்கோவின் ஜிம்மி கராப்போலோ, அவரும் பேட்ரியட்ஸில் பிரேடிக்குப் பேக்கப்பாக இருந்து வந்தவர், ஜாக்சனைவிட 800 யார்டுக்கு மேல் அதிகமாக எறிந்தார், அணியை சூப்பர் பௌல் வரைக்கும் கொண்டுபோனார். ஃபேன்டஸிக் கணக்கில் ஜாக்சன் 400-ஐத் தாண்டினார், கராப்போலோ 250-ஐக்கூடத் தொடவில்லை. ஆகவே இரண்டு பேக்கப்புகளில் கதவும் விலையும் சமம் என்றால் ஓடுகிறவரை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ பிரேடி? பர்டி?

இந்த இடத்தில் எல்லாரும் கேட்பது இதுதான். பிரேடி 2000-இல் 199-வது இடம். கர்ட் வார்னரை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை, 1999-இல் ட்ரென்ட் க்ரீனின் முழங்கால் போனதால் உள்ளே வந்து 41 டச்டவுன் எறிந்தார். விலைதான் முக்கியம் என்றால் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

ஜெயித்தவர்களின் பெயர் மட்டும் ஞாபகம் நிற்கிறது என்பது பாதி பதில். பிரேடிக்கு முன்னால் அந்த வருஷம் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். அதில் ஜியோவானி கார்மாசி மூன்றாவது சுற்று, ஒரே ஒரு ரெகுலர் சீசன் ஆட்டம்கூட ஆடவில்லை. ஸ்பெர்கன் வின் என்ற பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? கடைசிச் சுற்றுகளில் ஒரு பிரேடி இருக்கிறார் என்பது உண்மை. ஆனால் அவரைப் பிடிக்க எத்தனை பெஞ்ச் இடத்தை எத்தனை வருஷம் பூட்டி வைக்க வேண்டும் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

மீதிப் பாதிக்கு பிராக் பர்டியைப் பார்க்கணும், ஏன்னா என் கணக்குக்கு உண்மையான சோதனை அவர்தான். 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-வது இடம். அதே சான் பிரான்சிஸ்கோ அணி ட்ரே லான்ஸுக்காக மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்திருந்தது. விலையை மட்டும் பார்த்தால் நாற்காலி லான்ஸுடையது. 2022-இல் இரண்டாவது வாரம் லான்ஸின் கணுக்கால் உடைந்தது. டிசம்பர் 4 அன்று கராப்போலோவின் கால் உடைந்தது. பர்டி உள்ளே வந்தார், ரெகுலர் சீசனில் ஸ்டார்ட் செய்த 5 ஆட்டத்தையும் ஜெயித்தார். 2023 ஆகஸ்டில் லான்ஸை நான்காவது சுற்று உரிமைக்கு டல்லஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் நான் எடுத்துக்கொள்வது: இரண்டு கேள்விகளில் "முன்னால் யார்?" என்பதற்குத்தான் கனம் அதிகம். கராப்போலோவின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது, லான்ஸ் நான்கு ஆட்டம்தான் ஸ்டார்ட் செய்தவர், அதிலும் காயத்தில் இருப்பவர். கதவு திறந்தே கிடந்தது. ஃப்ளினுக்கு முன்னால் ராஜர்ஸ், பர்டிக்கு முன்னால் காலி நாற்காலி. அதோடு பர்டி ஒரு நாளில் நிற்கவில்லை, வாரா வாரம் ஆடினார்.

இன்னொரு வகையும் உண்டு: மேல் சுற்றில் எடுக்கப்பட்டு, தோற்று, வேறு அணியில் பேக்கப்பாக உட்கார்ந்திருப்பவர்கள். ஜீனோ ஸ்மித் 2014-க்குப் பிறகு ஏழு வருஷம் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். 2022-இல் 30 டச்டவுன். சாம் டார்னல்ட் 2018-இல் 3-வது இடம், 2023-இல் பர்டிக்குப் பேக்கப், 2024-இல் மினசோட்டாவில் புது ஆள் மெக்கார்த்திக்கு முழங்கால் போனதும் 35 டச்டவுன், அணிக்கு 14 வெற்றி. ஒருகாலத்தில் பெரிய விலை கொடுக்கப்பட்டவர்களுக்கு அணிகள் திரும்பத் திரும்ப வாய்ப்பு கொடுக்கும். சந்தையில் இவர்கள் விலை தரையில் இருக்கும்போது ஒருத்தரை வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

விற்பது யாருக்கு?

எங்கள் லீக்கில் 12 பேர், எல்லாரும் பழைய ஆபீஸ் ஆட்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் ஆளுக்கு 26 வீரர்களாகக் குறைக்க வேண்டும். என்னிடம் இரண்டு பேக்கப் இருந்தார்கள். ஒருத்தர் வாரிசு வகை. இன்னொருத்தர் போன டிசம்பரில் ஒரே ஆட்டத்தில் கலக்கியவர், முன்னால் நிற்பவரோ புது ஒப்பந்தம் போட்ட இளைஞர். ஒரு நண்பர் இரண்டாவது ஆளுக்கு அடுத்த வருஷத்தின் இரண்டாவது சுற்று உரிமையைத் தருகிறேன் என்றார். என் கணக்கில் அந்த ஆள் அவ்வளவு பெறமாட்டார்.

இதில் ஒரு சங்கடம். 10 ரூபாய் பெறாது என்று நானே நம்புவதை நண்பரிடம் 30-க்கு விற்பதா? அவரிடம் வெளிப்படையாகவே சொன்னேன், "என் கணக்குல இவர் இவ்வளவுதான் வர்றார், பாருங்க" என்று ஷீட்டையே அனுப்பினேன். அவர் பதில் என் ஷீட்டில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தது. "அந்த டீமோட முதல் குவார்ட்டர்பேக் என்கிட்டதான் இருக்கார். அவருக்கு அடிபட்டா என் சீசனே போச்சு. நான் வாங்கறது பிளேயர் இல்லைங்க, இன்ஷூரன்ஸ்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. எனக்கு அந்த பேக்கப்பின் மூன்று ஆட்டம் தற்செயலாகக் கிடைக்கும் போனஸ். அவருக்கு அதே மூன்று ஆட்டம், மிகத் தேவையான நேரத்தில் கிடைப்பது. எனவே அந்த மூன்றாவது எண் வீரரைச் சேர்ந்தது மட்டும் இல்லை, வைத்திருப்பவரையும் சேர்ந்தது. பேக்கப்பை விற்க நினைத்தால் முதலில் தட்ட வேண்டிய கதவு, முதல் ஆளை வைத்திருப்பவருடையது. டிரேடு முடிந்தது, இருவருக்கும் வருத்தமில்லை.

எப்போது பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளைவிட நான்கு தேதிகளில் பேக்கப்பின் விலை அதிகம் மாறும். மார்ச் நடுவில் ஒப்பந்தச் சந்தை திறக்கும்போது, அணி புது அனுபவசாலியை வாங்குகிறதா என்று பார்க்கணும். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட், அதில் முதல் மூன்று சுற்றில் குவார்ட்டர்பேக் எடுத்தால் உங்கள் ஆளின் சாத்தியத்தைப் பாதியாக்குங்கள். மே மாத ஆரம்பத்தில் ஐந்தாவது வருஷ முடிவு. ஆகஸ்ட் கடைசியில் அணிகள் 53 பேராகக் குறைக்கும் நாள்.

இந்த நான்கிலும் உங்கள் ஆளின் நிலை மாறாமல் இருந்தால் வைத்திருங்கள், அவர் ஒரு பந்துகூட எறியாவிட்டாலும் சரி. நடுவில் ஒரு ராத்திரி அவர் உள்ளே வந்து 400 யார்டு எறிந்துவிட்டால், மறுநாள் காலை போன் அடிக்கும். எடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: முன்னால் நிற்பவரின் வயதையும், அவர் ஒப்பந்தத்தில் உறுதியான பணம் எந்த வருஷத்தோடு முடிகிறது என்பதையும். கதவு பூட்டியிருந்தால் விற்றுவிடுங்கள். திறக்கப்போகிறது என்றால் என்ன விலை சொன்னாலும் கொஞ்சம் பொறுங்கள்.